மெஷின் வாங்கக் காசு கிடைக்கும், சேர்ந்து வைத்திருக்கக் காசு எங்கே?

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ உயிர்மருத்துவ ஆய்வு செய்கிற யாரிடமும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் "எங்களிட்ட என்ன மெஷின் இருக்கு, எல்லாத்துக்கும் கொழும்புக்கோ பேராதனைக்கோதானே ஓட வேணும்" என்ற இடத்துக்கு வந்துவிடுவார்கள். நானும் இந்த வேலைக்குள்தான் இருக்கிறேன், மாதிரிகளோடும் சோதனைக் கிட்களோடும் மல்லுக்கட்டுகிற பக்கத்தில். அந்த முறைப்பாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற வந்தாறுமூலையிலிருந்து தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற ஒலுவில் வரைக்கும் உள்ள அந்த எழுபது எண்பது கிலோமீற்றருக்குள், இந்தப் பல்கலைக்கழகம் அந்தப் பல்கலைக்கழகம், இந்தப் பீடம் அந்த ஆஸ்பத்திரி என்று, கவர் போட்டு மூடியபடி கிடக்கிற மெஷின்களைப் பார்த்த பிறகு "இன்னும் ஒன்று வாங்கித் தாருங்கள்" என்று கேட்க எனக்கு மனம் வருவதில்லை. நாங்கள் அரசாங்கத்திடம் கேட்க வேண்டிய காசு வேறு. இருக்கிறதை ஒரு கூரைக்குக் கீழே, அல்லது குறைந்தபட்சம் ஒரு நிர்வாகத்துக்குக் கீழே கொண்டுவருகிற செலவுக்கான காசு. அப்படி ஒரு மானியம் இந்த நாட்டில் எங்கள் பக்கத்து ஆய்வுகூடம் எதற்கும் வந்து நான் பார்த்ததில்லை.

ஏன் இது அவசரம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாரி தொடங்கி வயல் நனைந்ததும் எங்கள் பக்கத்தில் எலிக்காய்ச்சல் வருகிறது. மெலியோய்டோசிஸ் வருகிறது, சேற்றிலும் மண்ணிலும் வாழ்கிற பக்டீரியா ஒன்றால் வரும் நோய் அது. நீரிழிவு உள்ள ஒரு விவசாயிக்குக் காலில் ஒரு சின்னக் காயம் போதும். வளர்ப்புத் தட்டில் அந்தக் கிருமி வளர்ந்தாலும், பழக்கமில்லாத கண்ணுக்கு அது எங்கோ இருந்து ஒட்டிக்கொண்ட அழுக்குக் கிருமி மாதிரித்தான் தெரியும். தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதைச் சரியாகப் பிரித்தறிய, கிருமியின் மரபணுத் துண்டைப் பெருக்கிக் காட்டுகிற பிசிஆர் வேண்டும், கிருமி வெளியே பரவாமல் தடுக்கிற பாதுகாப்புக் கபினெட் உள்ள அறை வேண்டும், இதையே செய்து பழகிய ஆள் வேண்டும். டெங்குவும் ஆண்டுதோறும் வருகிறது. அம்பாறையின் உட்பகுதிகளில் காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோய் இருக்கிறது. இவை எல்லாம் எங்கள் மண்ணின் நோய்கள். ஆனால் மாதிரிகள் ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் பக்கெட்டோடு இரவு பஸ்ஸில் ஏறிக் கொழும்புக்குப் போகின்றன. விடை திரும்பி வரும்போது நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது போகக் கூடாத இடத்துக்குப் போயிருப்பார்.

சரி, மெஷின்கள் எப்படி இப்படிச் சிதறின? யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, காசு வந்த விதம் அப்படி. இருபது வருடமாக எங்கள் பல்கலைக்கழகங்களுக்குப் பெரிய உபகரணம் வந்த வழிகளில் முக்கியமானது உலக வங்கிக் கடனில் ஓடிய உயர்கல்வித் திட்டங்கள். எச்ஈடிசி 40 மில்லியன் டொலர், அதற்குப் பிறகு 2017இல் தொடங்கிய ஏஹெட் 100 மில்லியன் டொலர். இவற்றோடு தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிச் சபையும் ஆய்வாளர்களுக்குத் தனித்தனியாகத் தருகிற மானியங்கள். இந்தக் காசுகளால் நிறைய நல்லது நடந்திருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு திட்டத்துக்கு ஒரு தலைவர், ஒரு பீடம், ஒரு முடிவுத் திகதி. அந்தத் திகதிக்குள் வாங்கி முடிக்காவிட்டால் காசு திரும்பிப் போய்விடும். கடைசி மாதங்களில் எல்லோரும் ஓடி ஓடிக் கேள்விப்பத்திரம் போட்டு வாங்குவார்கள், பக்கத்துக் கட்டடத்தில் அதே மெஷின் இருக்கிறதா என்று பார்க்க நேரமும் இல்லை, பார்க்கச் சொல்கிற விதியும் இல்லை. வாங்கியது அந்தத் துறையின் இருப்புப் பதிவேட்டில் ஏறும். ஏறினால் இறங்காது.

அப்புறம் வருகிறது பராமரிப்பு. மெஷின் வாங்கியது மூலதனச் செலவினம். சேவை ஒப்பந்தம், ரியேஜன்ட் என்கிற சோதனை இரசாயனங்கள், மின்சாரம், ஆளின் சம்பளம் எல்லாம் மீண்டெழும் செலவினம். முதலாவதுக்கு வெளியிலிருந்து காசு வரும், படம் எடுப்பார்கள், நாடா வெட்டுவார்கள். இரண்டாவது, பல்கலைக்கழகம் தன் வருடாந்த ஒதுக்கீட்டிலிருந்து பல்பு மாற்றுகிற காசோடும் புல் வெட்டுகிற காசோடும் சேர்த்துத் தேட வேண்டிய காசு. உத்தரவாதக் காலம் முடியும், முதல் பழுது வரும், கொழும்பிலிருந்து இன்ஜினியர் வர ஒரு விலை சொல்வார்கள், அதோடு கவர் போட்டு மூடிவிடுவார்கள்.

மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரை உதாரணமாக எடுக்கிறேன், ஏனென்றால் அதைத்தான் நான் அதிகம் கட்டி அழுதிருக்கிறேன். ஒரு பழைய ஃப்ரீசர் ஒரு நாளைக்கு 15 முதல் 20 யூனிட் வரை கரண்ட் இழுக்கும், அந்த யூனிட்டில் நாலைந்து சாதாரண வீடுகள் ஒரு நாளை ஓட்டிவிடும். எங்கள் கடற்கரைக் காற்றின் ஈரமும் உப்பும் சேர்ந்து கதவு ரப்பரை இறுக்கிவிடும், பிறகு கதவு சரியாக மூடாது, விளிம்பில் ஐஸ் தடித்துக்கொண்டே போகும், கொம்பிரஸர் நிற்காமல் ஓடும். நான் அறிந்த ஓர் இடத்தில் ஒரே மாடியில் இரண்டு துறைகளுக்கு இரண்டு ஃப்ரீசர். இரண்டிலும் பாதி காலி. ஒன்றுக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டு, மற்றதுக்கு இல்லை. 2022இல் மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலம் வரை போன நாட்களில், இணைப்பு இல்லாத ஃப்ரீசரிலிருந்து பெட்டிகளை எடுத்து மற்றதில் வைக்க அனுமதிக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கடிதம் மேசை மேசையாகப் போய்த் திரும்பி வருவதற்குள், ஒரு மாணவி இரண்டு பெரும்போகம் வயல் வயலாகப் போய்ச் சேர்த்த இரத்தச் சீரம் மாதிரிகள் உருகித் தண்ணீராகிவிட்டன. உறைந்து, உருகி, மறுபடி உறைந்த சீரத்தில் அவள் தேடிய அன்ரிபொடி அளவை முழுதாக நம்ப முடியாது. அந்தப் பிள்ளை எதுவும் பேசாமல் குழாய்களின் லேபலைத் துடைத்துத் துடைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். நாலு மீற்றர் தூரத்தில் மற்ற ஃப்ரீசர் பாதி காலியாக, குளிராக, நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கு இன்னொரு ஃப்ரீசர் மருந்தல்ல.

அமெரிக்காவில் இதே சிக்கல் வந்தது, எங்களைவிடப் பல மடங்கு பெரிய அளவில். அங்கே 2009இல் பொருளாதார மீட்சிச் சட்டம் வந்தபோது தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு 10.4 பில்லியன் டொலர் கிடைத்தது, அதில் 300 மில்லியன் பகிர்ந்து பயன்படுத்தும் உபகரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. பகிர்வு உபகரண மானியம் அவர்களுக்குப் புதிதல்ல, எண்பதுகளின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. அந்த மானியம் கேட்பதென்றால் அவர்களின் நிதியில் ஆய்வு செய்கிற குறைந்தது மூன்று ஆய்வாளர்கள் அந்த மெஷினைப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று காட்ட வேண்டும். மெஷினை ஓட்டுவதும் பராமரிப்பதும் நிறுவனத்தின் பொறுப்பு, மானியத்தில் சம்பளம் கிடையாது. ஆனாலும் பல்கலைக்கழகங்களில் ஒரே வேலையைச் செய்கிற மையங்கள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக முளைத்துவிட்டன. ஒரு துறைக்கு ஒரு நுண்ணோக்கி மையம், பக்கத்துத் துறைக்கு இன்னொன்று, புற்றுநோய் நிலையத்துக்கு மூன்றாவது, ஒவ்வொன்றுக்கும் தனி பில் புத்தகம், தனி முன்பதிவு முறை, பாதி நேரம் சும்மா இருக்கிற தனித் தொழில்நுட்பவியலாளர்.

2010இல் அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ஒரே மாதிரியான மையங்களை ஒன்றாக்குவதற்கென்றே மேலதிக மானியம் அறிவித்தார்கள். 26 நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு என்ன நடந்தது என்று பார்த்து எழுதியும் வைத்தார்கள். சேர்த்த மையங்களில் சேவைகள் கூடின, பயன்படுத்துகிறவர்கள் கூடினார்கள். முன்பதிவு, கொள்முதல், பில் போடுவது எல்லாம் ஒரே முறைக்குள் வந்தன, முழுநேர நிர்வாகி ஒருவரை வைக்கக் கட்டுபடியானது, சில இடங்களில் பயனாளரிடமிருந்து மீளப் பெறுகிற செலவு பல மடங்கு உயர்ந்தது. அதே மூச்சில், இந்த வழி எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்றும் ஒத்துக்கொண்டார்கள். அப்படிச் சொன்னதால்தான் மற்றதையும் நான் நம்புகிறேன்.

இந்தியாவும் வேறு ஒரு வழியில் இதைத் தொட்டிருக்கிறது. எழுபதுகளிலிருந்தே அங்கே பிராந்திய உபகரண மையங்கள் உண்டு, சென்னை ஐஐடியில் இருப்பது தமிழ்நாட்டில் ஆய்வு செய்கிற பலருக்குத் தெரிந்த இடம். சின்னக் கல்லூரியில் படிக்கிற மாணவரும் மாதிரியை அனுப்பிக் கட்டணம் கட்டி முடிவு வாங்கலாம். இப்போது எந்த மெஷின் எங்கே இருக்கிறது என்று தேடிப் பதிவு செய்ய ஐ-ஸ்டெம் என்ற தளமும் வைத்திருக்கிறார்கள். அது இணைப்பு அல்ல, பகிர்வுதான். ஆனாலும் பட்டியல் இருந்தால்தானே அடுத்ததைப் பேச முடியும். எங்கள் இரண்டு மாவட்டத்துக்குள் யாரிடம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிவது ஃபோன் பண்ணி விசாரித்துத்தான், அதுவும் தெரிந்தவர் யாராவது எடுத்தால்.

சேர்ப்பதற்கு எதற்குக் காசு, கடிதம் ஒன்று எழுதி மெஷினை லொறியில் ஏற்றினால் சரிதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு ரியல் டைம் பிசிஆர் மெஷினை இடம் மாற்றினால் அதன் ஒளியியல் பகுதியை மறுபடி சரிபார்த்து அளவுத்திருத்தம் செய்ய வேண்டும், அதற்குக் கம்பனி ஆள் வர வேண்டும். பாதுகாப்புக் கபினெட்டை நகர்த்தினால் வடிகட்டியையும் காற்றோட்டத்தையும் மறுபடி சோதித்துச் சான்றிதழ் எடுக்காமல் அதற்குள் கையை விடக் கூடாது. அறைக்குத் தனிக் கரண்ட் லைன், யூபிஎஸ், ஏசி, ஜெனரேட்டர் இணைப்பு வேண்டும். எல்லாருக்கும் ஒரே முன்பதிவுத் தளம், யார் எத்தனை மணித்தியாலம் ஓட்டினார் என்று எழுதுகிற ஒரே லொக் புத்தகம், பழைய தரவுகளை ஒரே இடத்துக்கு மாற்றுவது, வேறு வேறு விதமாகப் பழகியவர்களை ஒரே செய்முறைக்குப் பயிற்றுவது, மாற்றம் நடக்கிற மாதங்களில் வேலை நின்றுபோகாமல் வெளியில் சோதனை செய்விக்கிற செலவு. இவற்றில் எதையும் மெஷின் வாங்குகிற மானியத்திலும் எழுத முடியாது, வருடாந்த ஒதுக்கீட்டிலும் எழுத முடியாது. அதனால்தான் எல்லோரும் "நல்ல யோசனை" என்று தலையாட்டிவிட்டு எழுந்து போகிறார்கள்.

கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள், விளங்குவதற்காக உருண்டை எண்களில். ஒரு மெஷின் ஒரு கோடி ரூபாய் என்று வையுங்கள். சேவை ஒப்பந்தம் பொதுவாக வருடத்துக்கு விலையின் பத்து வீதத்தை ஒட்டி வரும், அதாவது பத்து இலட்சம். ஒரு துறை தனியாக வைத்து வருடத்தில் 200 மணித்தியாலம் ஓட்டினால், ஒப்பந்தச் செலவு மட்டும் மணிக்கு ஐயாயிரம் ரூபாய். ஐந்து இடத்து வேலையும் ஒரே மெஷினில் ஓடி 1,000 மணித்தியாலம் ஆனால் மணிக்கு ஆயிரம். ஐயாயிரத்தை எங்கள் பட்டப்பின் மாணவர் யாரும் கட்ட மாட்டார்கள், ஆயிரத்தைக் கட்டுவார்கள். 2022இல் டொலர் இருநூறு சொச்சத்திலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போனபோது கிட் விலையும் அதோடு ஏறியது, இன்று வரை பழைய விலைக்கு இறங்கவில்லை. 96 மாதிரி ஓடக்கூடிய தட்டில் பதினொரு மாதிரியை வைத்து ஓட்டுகிற வசதி எங்களுக்கு இல்லை. சோதனை சரியாக ஓடியதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் வைக்கிற கொன்ட்ரோல்களுக்கே கிட்டின் ஒரு பங்கு போய்விடும். நாலு இடத்து மாதிரிகளைச் சேர்த்து ஒரே தட்டில் ஓட்டினால் அந்தப் பங்கு நாலாகப் பிரியும். இது எந்தக் கொள்கை அறிக்கையும் தேவைப்படாத சிக்கனம்.

சரி, மனிதர்கள் பக்கம் வருவோம், உண்மையான முடிச்சு அங்கேதான். அம்பாறைக் கரையோரத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் நீண்டகாலம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிற ஒரு காக்காவிடம் (எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) இதைக் கதைத்தேன். அவர் மறைக்காமல் சொன்னார்: "தங்கச்சி, மெஷின் என்ட பேர்ல இருக்கு. வருசக் கணக்கெடுப்புக்கு வந்தா என்னத்தான் கேப்பாங்க. உங்கட புள்ளயள் வந்து ஓட்டி ஏதும் நடந்தா, ஒடிட்டுக்கு நான் என்னத்த எழுதுற?" அவர் பொல்லாதவர் அல்ல. போன பெருநாளுக்கு முந்தின இரவு, எங்கள் மாதிரிகளை ஓட்டித் தருவதற்காக ஆய்வுகூடத்தைத் திறந்து வைத்திருந்தவர். அவருடைய கேள்விக்கு விதியில் பதில் இல்லை, அவ்வளவுதான். மெஷின் ஒரு நிறுவனத்தின் பதிவேட்டில் இருந்துகொண்டே இன்னொரு நிறுவனத்தின் ஆள் அதைத் தொட என்ன ஏற்பாடு, பழுதுக்கு யார் பொறுப்பு, காப்புறுதி யார் பேரில். இவற்றை எழுதித் தருகிற ஒரு சட்ட ஆளுக்கும் ஒரு கணக்காளருக்கும் சில மாதச் சம்பளம் கொடுப்பது ஒரு மெஷினின் விலையில் சின்னத் துண்டு.

இன்னும் சில முடிச்சுகள் எங்களுக்கே உரியவை. ஆஸ்பத்திரி சுகாதார அமைச்சுக்குக் கீழே, பல்கலைக்கழகம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குக் கீழே. இரண்டு பக்கத்துக் காசும் ஒரே அறையில் சந்திப்பது லேசான காரியம் இல்லை. தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்கள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இருக்கிற கரையில், "பொது ஆய்வுகூடம் எங்கே வரும்" என்ற கேள்வி உடனே "யாருடைய ஊரில்" என்று மாறிவிடும். மட்டக்களப்பில் வைத்தால் கல்முனைக்காரருக்கு மனக்குறை, ஒலுவிலில் வைத்தால் வாழைச்சேனைப் பக்கத்தாருக்குத் தூரம். இதைப் பேசாமல் மூடிவைப்பதால் எதுவும் நடக்கவில்லை என்பதைத்தான் இத்தனை வருடமாகப் பார்க்கிறோம். என் அபிப்பிராயம், எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் குவிக்கத் தேவையில்லை. ஓரிடம் கிருமி வளர்ப்பும் பாதுகாப்பு அறையும், இன்னோரிடம் மூலக்கூற்று வேலை, மூன்றாவது இடம் மாதிரிக் களஞ்சியம், எல்லாவற்றுக்கும் ஒரே முன்பதிவு, ஒரே கட்டணம், ஒரே நிர்வாகி. கடற்கரை வீதியில் குளிர்ப்பெட்டியோடு ஒரு வான் காலையும் மாலையும் ஓடினால் போதும். கொழும்புக்கு ஓர் இரவு முழுக்கப் போகிற மாதிரிப் பெட்டி, ஒலுவிலிலிருந்து மட்டக்களப்புக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் வந்துவிடும்.

எல்லாவற்றையும் சேர்க்கவும் கூடாது. நோயாளிக்கு இன்றைக்கே விடை சொல்ல வேண்டிய மெஷின் ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும், அது ஆய்வு மாணவரின் முறைக்குக் காத்திருக்க முடியாது. பிசிஆரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆய்வுக்காகக் கிருமியின் மரபணுத் துண்டைக் கோடிக்கணக்கில் பெருக்குகிற அறையின் காற்றில் ஒரு துளி தெறித்து நோயாளியின் குழாய்க்குள் போனால், இல்லாத நோய் இருப்பதாக முடிவு வரும். கற்பித்தலுக்கான சின்னச் சின்ன மெஷின்களும் அந்தந்தத் துறையிலேயே இருக்க வேண்டும், முதலாம் வருடப் பிள்ளை பிழைவிட்டுப் பழகுவதற்கு ஓர் இடம் வேண்டாமா. மையவிலக்கு மெஷின், சாதாரண நுண்ணோக்கி, தண்ணீர்க் குளியல் எல்லாம் பகிர்கிற சாமான்களே இல்லை. சேர்க்க வேண்டியது விலை கூடினது, பராமரிப்புக் கூடினது, ஓட்ட ஆள் தேவைப்படுகிறது. அவ்வளவுதான்.

இந்த ஆள் என்ற இடத்தில்தான் நான் பிடிவாதமாக நிற்பேன். அமெரிக்க மையங்கள் சேர்ந்த பிறகு நன்றாக ஓடியதற்குக் காரணம் மெஷின்கள் மட்டும் இல்லை, அவற்றைத் தெரிந்த முழுநேர ஆட்களும் அவர்களை நடத்த ஒரு நிர்வாகியும் இருந்ததுதான். எங்களிடம் ஒரு மெஷினைக் கரைத்துக் குடித்த பெடியன் மூன்று வருட ஒப்பந்தம் முடிந்ததும் கட்டாருக்கோ கனடாவுக்கோ போய்விடுகிறான், அவனோடு அந்த மெஷினும் போன மாதிரித்தான். பொது ஆய்வுகூட நிர்வாகி என்று ஒரு பதவி எங்கள் ஆளணியில் இல்லை. புதிய பதவி என்றால் முகாமைத்துவச் சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், அதற்கு ஒரு நியாயம் காட்ட வேண்டும், நியாயம் காட்ட ஒரு முன்னோடித் திட்டம் வேண்டும், திட்டத்துக்குக் காசு வேண்டும். இந்த வட்டத்தை எங்கோ ஓரிடத்தில் வெட்டியாக வேண்டும், அதை வெட்டக்கூடியது மூன்று வருடச் சம்பளத்தையும் உள்ளடக்கிய ஓர் இணைப்பு மானியம்தான்.

அதனால் கேட்பதைத் தெளிவாகக் கேட்கிறேன். விஞ்ஞான மன்றமோ ஆராய்ச்சிச் சபையோ, புதிய உபகரணத்துக்கு வைத்திருக்கிற தொகையில் ஒரு பங்கை எடுத்து, குறைந்தது இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து விண்ணப்பித்தால் மட்டும் தருகிற மானியமாக மாற்றட்டும். விண்ணப்பத்தில் புதிய மெஷினுக்கு இடமே வேண்டாம். இருக்கிற மெஷின்களின் பட்டியல், கடந்த வருடம் ஒவ்வொன்றும் எத்தனை மணித்தியாலம் ஓடியது, சேவை ஒப்பந்தம் உண்டா இல்லையா, யார் ஓட்டுகிறார், மூன்று வருடம் கழித்துச் சம்பளம் எங்கிருந்து வரும். இவற்றைக் கேட்கட்டும். அந்த இரண்டாவது கேள்விக்கு விடை எழுத லொக் புத்தகம் வேண்டும். எங்கள் பக்கத்தில் அது பாதி இடங்களில் வைப்பதே இல்லை, அதற்கு யாரிடமும் மானியம் கேட்கத் தேவையில்லை, திங்கட்கிழமை ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி மெஷினுக்குப் பக்கத்தில் நூலில் கட்டிவிடலாம். ஆண்டு நடுவில் அடுத்த வருட வரவு செலவு மதிப்பீடுகளைக் கேட்பார்கள். அதற்கு முன் இரண்டு பல்கலைக்கழகத்து ஆட்களும் ஆஸ்பத்திரி ஆட்களும் அந்தக் கொப்பிகளை ஒரு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்க்க வேண்டும். இடம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, கல்முனையில் என்றால் இரண்டு பக்கத்தாருக்கும் இடைவழி.